மினிக்காயில் விளக்குக் காத்த காலம்

கலங்கரை விளக்கத்தில் உத்தியோகம் பார்த்தவன் என்று சொன்னவுடனே கேட்பவர் மனத்தில் எழும் சித்திரம் ஒன்றுண்டு: அலைகளுக்கு நடுவே ஒற்றைக் கோபுரம், அதன் உச்சியில் ஒரு தனி மனிதன், சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் சமுத்திரம், பேச்சுத் துணைக்கு ஒருவரும் இல்லாத ஏகாந்தம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த இலாகாவில் இருந்து, அதன் நல்ல பகுதியை இலட்சத்தீவுக் கூட்டத்தின் தென்கோடியிலுள்ள மினிக்காய்த் தீவிலே பல தவணைகளாகக் கழித்தவன் என்ற முறையில் நான் அறிந்தது வேறு. விளக்கை ஏற்றுவதும் அணைப்பதும் எங்கள் கையில் இருந்தன. ஆனால் அந்த விளக்கு எரிவதற்கு வேண்டிய எண்ணெயும், எங்களுக்கு வேண்டிய அரிசியும், நோய் வந்தால் மருந்தும், பழுதான யந்திரத்துக்கு மாற்று உறுப்பும் கரை சேர்ந்ததெல்லாம் அந்தத் தீவு ஜனங்களின் தோளிலும் அவர்கள் கட்டிக் காத்த ஒழுங்கிலுமே.

எனக்கு ஊர் செஞ்சிக்கு வடக்கே மேல்மலையனூரை அடுத்த ஒரு சிற்றூர். அங்காளபரமேசுவரியின் சந்நிதியில் அமாவாசைதோறும் நள்ளிரவில் நடக்கும் ஊஞ்சல் உற்சவத்துக்கு ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து சேர்வதும், மாசி மாதத்தில் மகாசிவராத்திரியை அடுத்து நடக்கும் மயானக் கொள்ளைக்குத் தொண்டை நாடே திரண்டு வருவதும்தான் என் பிள்ளைப் பிராயத்தில் நான் கண்ட பெருங்கூட்டங்கள். அந்தக் கோயிலில் பூசை உரிமை உடைய பர்வதராஜ குலத்தார் பரம்பரையாக ஏரிகளிலும் ஆறுகளிலும் மீன் பிடித்து வந்தவர்கள். எங்கள் குடும்பமும் அந்த வகுப்பைச் சேர்ந்ததே. ஆனால் எங்கள் மீன் கெண்டையும் கெளுத்தியும் விராலுமாகிய ஏரி மீன். மழை பொய்த்த வருஷத்தில் ஏரி வறண்டு, வலையைச் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டு, தகப்பனார் மணிலாக்கொட்டை பிடுங்கக் கூலிக்குப் போவார். கடலை நான் முதன்முதலில் கண்டது மரக்காணத்தில், உப்பளம் பார்க்கப் போன இடத்தில். அப்படிப்பட்டவனுக்கு 1966-ல் கலங்கரை விளக்க இலாகாவில் வேலை கிடைத்தது என்றால், அதற்குக் காரணம் திண்டிவனத்தில் படித்த பள்ளிப் படிப்பேயன்றிக் கடற் பழக்கம் எதுவும் இல்லை.

தொடக்க வருஷங்களில் என்னை அனுப்பிய நிலையங்களில் பெட்ரோலிய ஆவி விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. மண்ணெண்ணெயைக் காற்றழுத்தத்தால் மேலேற்றி, சூடான குழாயில் ஆவியாக்கி, அந்த ஆவியை மேண்டிலில் எரியவைக்கும் ஏற்பாடு அது. மேண்டில் தொட்டால் உதிர்ந்துவிடும். குழாயின் நுண்துளை கரி பிடித்து அடைபட்டால் சுடர் சிவந்து புகையும். அழுத்தம் குறைந்தால் ஒளி மங்கும். ஆகவே முறைக்காவலில் இருப்பவன் நாலு மணி நேரத்துக்கு விளக்கறையை விட்டு அகலக்கூடாது. சுடரைச் சுற்றியிருக்கும் கண்ணாடிப் பட்டகங்களாலான பெரிய வில்லைக் கூடு, எத்தனையோ மணங்கு கனம் உடையது, பாதரசம் நிரம்பிய வட்டத் தொட்டியில் மிதந்தபடி சுழலும். அதைச் சுழற்றுவது கோபுரத்தின் நடுவே சங்கிலியில் இறங்கும் எடைக்கல். அந்தக் கல் அடிக்கு வந்து சேரும்முன் கைப்பிடியைச் சுற்றி மறுபடியும் மேலே ஏற்றவேண்டும். ஒவ்வொரு விளக்கும் இத்தனை விநாடிக்கு ஒருமுறை மின்னுவது என்பது கப்பலோட்டியின் கைப்புத்தகத்தில் அச்சாகியிருக்கிறது. அந்தக் கணக்கைக் கொண்டே தான் எந்தக் கரைக்கு எதிரே இருக்கிறோம் என்று அவன் நிச்சயிக்கிறான். சுழற்சி தாமதப்பட்டால் நம் விளக்கு அவனுக்கு வேறொரு விளக்காகிவிடும். அதனால் கடிகாரத்தை வைத்துக்கொண்டு சுழற்சியை அளந்து பதிவேட்டில் எழுதுவது எங்களுக்கு நித்திய கர்மாநுஷ்டானம்.

பகல் வேலை இரவு வேலையைவிடக் கடுமையானது என்று சொன்னால் வெளியார் நம்புவதில்லை. சூரியோதயத்தில் விளக்கை அணைத்தவுடன் விளக்கறையின் கண்ணாடிச் சாளரங்களுக்கெல்லாம் திரை இழுத்துவிடவேண்டும்; இல்லாவிட்டால் இரவில் ஒளியை வெளியே குவித்து அனுப்பும் அதே வில்லை பகலில் வெயிலை உள்ளே குவித்துப் பொருளை எரித்துவிடும். பிறகு மோதிரத்தைக் கழற்றிவைத்து, உலோகப் பொத்தான் இல்லாத மேலங்கியை அணிந்து, பட்டகம் பட்டகமாக ஸ்பிரிட் தொட்டு மென்தோலால் துடைப்பது, பித்தளையை மினுக்குவது, பாதரசத்தில் தூசி சேர்ந்திருந்தால் வடிகட்டுவது, உப்புக் காற்றில் துருப்பிடிக்கும் இரும்பையெல்லாம் சுரண்டி வர்ணம் பூசுவது. தீவில் துருவுக்கு ஓய்வு கிடையாது. வடகோடிக் கம்பிக்கு வர்ணம் பூசி முடிக்கும்போது தென்கோடியில் துரு மறுபடி தலைகாட்டியிருக்கும்.

மினிக்காய்க்கு என்னை மாற்றியபோது, கொச்சியிலிருந்து கப்பலேறி, ஏறத்தாழ இருநூற்றிருபது கடல் மைல் பிரயாணத்துக்குப் பின், விடியற்காலையில் தென்னந்தோப்பின் விளிம்பு ஒரு பச்சைக் கோடாகத் தெரிந்தது. தீவு பிறைவடிவமானது, நீளம் ஆறு மைலுக்குச் சற்று அதிகம், பரப்பு இரண்டு சதுர மைலுக்கும் குறைவு, அதன் மேற்கே பவளப்பாறை வளைத்துக் கட்டிய விசாலமான உள்கடல். வடக்கே ஒன்பது டிகிரிக் கால்வாய் அதை மற்ற இலட்சத்தீவுகளிலிருந்து பிரிக்கிறது. தெற்கே எட்டு டிகிரிக் கால்வாய் மாலத்தீவிலிருந்து பிரிக்கிறது. ஏடனிலிருந்து கொழும்புக்குச் செல்லும் கப்பல்களுக்கு இந்தக் கால்வாய்களே ராஜபாட்டை. கடல் மட்டத்திலிருந்து சில அடியே உயர்ந்த தீவாதலால் இரவில் அது கண்ணுக்குத் தெரிவதில்லை, 1862-ல் பி. அண்டு ஓ. கம்பெனியாரின் 'கொழும்பு' என்ற நீராவிக் கப்பலே இதன் பாறையில் மோதி உடைந்தது. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்து போக்குவரவு பெருகியபின் இங்கே விளக்கு அவசியமாயிற்று. 1885-ல் ஏறத்தாழ நூற்றைம்பது அடி உயரத்தில் இந்தக் கோபுரம் எழுந்தது. இந்தியா சுதந்திரமடைந்த பிறகும் சில ஆண்டுகள் அது பிரிட்டிஷ் பேரரசின் விளக்குச் சேவையின் கீழேயே இருந்து, 1956-ல்தான் நம்முடைய இலாகாவிடம் வந்தது. அந்த வருஷம் நவம்பர் முதல் தேதியிலேயே தீவுகள் தனி யூனியன் பிரதேசமாகவும் ஆயின.

கப்பல் பாறைக்கு வெளியே நிற்கும். உள்ளே வர ஆழம் இல்லை. ஆட்களும் சாமான்களும் தோணியில் இறங்கி, பாறையின் இடுக்கு வழியாக, அலை தூக்கும் தருணம் பார்த்து நுழையவேண்டும். கரையில் எங்களை எதிர்கொண்டவர்கள் துறையின் கூலியாட்கள் என்றே எண்ணினேன். பிறகுதான் அவர்கள் ஒரு கிராமத்தார் என்றும், அன்றைய முறை அவர்களுடையது என்றும், அவர்களை அனுப்பியவர் அவர்களுடைய மூப்பன் என்றும் தெரிந்தது.

மினிக்காயின் குடியிருப்பு முழுவதும் ஓரிடத்தில் நெருங்கியிருந்தாலும் அது பத்துக் கிராமங்களாகப் பிரிந்தது. ஒவ்வொரு கிராமத்துக்கும் ஆண்களுக்கு மூப்பன் ஒருவர், பெண்களுக்குத் தலைவி ஒருத்தி. அவளைப் 'பொடுதாத்தா' என்பார்கள். ஜனங்கள் பேசுவது மாலத்தீவு மொழியின் கிளையாகிய மகல்; எழுதுவது வலமிருந்து இடமாக ஓடும் தானா எழுத்து. எங்களோடு மலையாளத்தில் பேசுவார்கள்; ஒரு வருஷத்தில் நானும் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டேன். தோணியைக் கரையேற்றுவது, பள்ளிவாசலுக்குக் கூரை மாற்றுவது, பாதை செப்பனிடுவது ஆகிய எந்தப் பொது வேலைக்கும் மூப்பனிடமிருந்து சொல் வந்தால் வீட்டுக்கு ஓர் ஆள் வந்து நிற்பான். ஆண்களிற் பெரும்பாலோர் கடல்கடந்து போயிருக்கும் காலத்தில் பொடுதாத்தாவின் அதிகாரம்தான் ஊரை நடத்தும். தெருக்கள் தினமும் பெருக்கப்படுவதும், கிணற்றடி சுத்தமாக இருப்பதும், விருந்துக்கு எந்த வீட்டார் எதைச் சமைப்பது என்பதும் அவள் வாயிலிருந்து தீர்மானமாகும். கல்யாணமான ஆண் மனைவியின் வீட்டில் வந்து வாழ்வதும், வீட்டின் உரிமை பெண்வழியில் இறங்குவதும் அங்கே சம்பிரதாயம்.

ஒரு சமயம் எங்கள் நிலையத்துக்குப் புதிய ஜெனரேட்டர் ஒன்று வந்தது. கப்பலிலிருந்து பெரிய தோணியில் இறக்கியாயிற்று. கரைக்கு வந்ததும் கடல் வற்றத் தொடங்கியதால் தோணி பாறைப் படுகையில் தட்டிவிடும் நிலை. மேலதிகாரி ஒருவர், கூலி எவ்வளவு என்று பேசி முடித்துக்கொண்டுதான் ஆள் இறக்கவேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். மூப்பன் அவரைப் பார்த்து, "சாரே, கடல் காத்திருக்காது. கணக்கை நாளைக்குப் பேசலாம்" என்று சொல்லிவிட்டுத் தம் ஆட்களுக்குக் குரல் கொடுத்தார். பக்கத்துக் கிராமத்தாரும் கேளாமலே வந்து சேர்ந்தார்கள். தென்னந்தடிகளைக் கீழே உருளவிட்டு, வடம் கட்டி, ஒருவன் பாட்டெடுக்க மற்றவர்கள் இழுக்க, அந்திக்குள் யந்திரம் மேட்டில் ஏறிவிட்டது. மறுநாள் மூப்பன் கேட்ட தொகை, அதிகாரி முதலில் கொடுக்க நினைத்ததைவிடக் குறைவு. அதிலும் ஒரு பகுதி கிராமத்துப் பொதுப் பணத்துக்குப் போயிற்று. தீவில் காரியம் எப்படி நடக்கிறது என்பதை எந்த விதிப் புத்தகத்தையும்விட அந்த ஒரு நாள் எனக்கு நன்றாகக் காட்டியது. அதன்பிறகு நான் பொறுப்பில் இருந்த தவணைகளிலெல்லாம் கப்பல் வரும் செய்தி கிடைத்தவுடன் முதலில் போய்ப் பார்த்தது மூப்பனைத்தான்.

பின்தங்கிய தீவு, உலகமறியாத ஜனங்கள் என்று பட்டணங்களில் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது வருத்தம் தரும் பேச்சு. மினிக்காய் ஆண்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே கல்கத்தாவில் கப்பலேறி உலகமெங்கும் மாலுமிகளாகப் போய்வந்தவர்கள். ஓலைக்கூரையின் கீழ் ஊஞ்சற் கட்டிலில் ஆடிக்கொண்டிருக்கும் ஒரு கிழவர், லிவர்ப்பூல் துறையில் எந்தப் படிக்கட்டு வழுக்கும் என்றும், யோக்கஹாமாவில் குளிர்காலத்தில் கயிறு எப்படி விறைக்கும் என்றும் சாவகாசமாகச் சொல்வார். அவர் ஒருநாள் என் ஊரைப் பற்றி விசாரித்தார். எங்கள் கிராமத்திலிருந்து கடல் ஒரு நாள் வண்டிப் பயணம் என்றேன். அவ்வளவு தூரத்தில் எப்படி வாழ்கிறீர்கள் என்று உண்மையான அநுதாபத்தோடு கேட்டார்.

மாலுமிகளின் மனைவிமார் எங்களிடம் வருவது மற்றொரு காரியத்துக்காக. புருஷன் கப்பலேறியிருக்கும் கம்பெனியின் கப்பல்கள் கால்வாயைக் கடக்கும் உத்தேசக் காலம் அவர்களுக்குக் கடிதத்தில் வந்திருக்கும். அந்த இரவுகளில் பொடுதாத்தாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு விளக்கடிக்கு வந்து, ஏதாவது தெரிந்ததா என்று கேட்பார்கள். மாடத்திலிருந்து நாங்கள் பார்ப்பது தொலைவில் ஒரு பாய்மர விளக்கும், சிவப்போ பச்சையோ ஒரு பக்க விளக்குமே. எந்தக் கப்பல் என்று சொல்ல இயலாது. ஆனால் மேற்கிலிருந்து கிழக்கே போயிற்றா, கிழக்கிலிருந்து மேற்கே போயிற்றா என்பதை நிறத்தைக் கொண்டு சொல்லலாம். அவ்வளவு சொன்னால் போதும் அவர்களுக்கு. அமாவாசை இரவானால் இந்தக் கவனம் இன்னும் அதிகம். எங்கள் ஊரில் அந்நேரம் அம்மன் ஊஞ்சலில் எழுந்தருளியிருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன், நிலவில்லாத கடலில் எங்கள் ஒளிதான் கப்பலோட்டிக்கு மிக வேண்டியிருக்கும் இரவும் அதுவே.

மீன் விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல என் குலத்தொழில் எனக்கு உரிமை தருகிறது என்று நினைக்கிறேன். தமிழ்நாட்டுக் கடைகளில் 'மாசி' என்று விற்கிற, கட்டை போன்று உறுதியான கருவாடு இருக்கிறதே, அது சூரை மீனிலிருந்து வருவது; அதைப் பக்குவம் செய்வதில் மாலத்தீவாரும் மினிக்காயாரும் கைதேர்ந்தவர்கள். சூரைக்கு வலை கிடையாது. விடியற்காலையில் உள்கடலில் இறங்கி, விரல் நீள வெள்ளிக் குஞ்சுமீன்களைச் சதுர வலையால் கோலி, தோணியின் நடுவே உள்ள தொட்டியில் உயிரோடு விடுவார்கள். தொட்டியின் அடிப்பலகையில் துளைகள்; தக்கையை எடுத்தால் கடல்நீர் உள்ளே வரும், வந்த நீரை ஒருவன் ஓயாமல் இறைத்துக்கொண்டேயிருப்பான்; அதனால் குஞ்சுகளுக்கு எப்போதும் புதுநீர். பறவைக் கூட்டத்தைக் கொண்டு சூரை மந்தையைக் கண்டதும் குஞ்சுகளைக் கைப்பிடியாக வாரி வீசுவார்கள். அகப்பையால் நீரை வாரித் தெளிப்பார்கள். சிறுமீன் துள்ளுவதாக நினைத்துச் சூரை வெறிகொண்டு மேலே வரும். பின்னணியத்தில் வரிசையாக நிற்பவர்கள் மூங்கிற் கழியில் கட்டிய, முள் இல்லாத தூண்டிலை நீரில் இடுவதும் மீனைத் தலைக்குமேல் வீசித் தோணிக்குள் விழச் செய்வதும் ஒரே அசைவில் நடக்கும். முள் இல்லாததால் மீன் தானே கழன்று விழும், கை வைக்கவேண்டியதில்லை. மந்தை இறங்கிப்போகச் சிறிது நேரமே. அதற்குள் தோணி நிறைந்துவிடும்.

கரையில் பங்கு பிரிப்பதை நான் பலமுறை அருகிருந்து பார்த்திருக்கிறேன். தோணிக்குப் பங்கு, தண்டலுக்குப் பங்கு, கழி பிடித்தவனுக்கும் குஞ்சு வீசியவனுக்கும் நீர் இறைத்தவனுக்கும் அவரவர் பங்கு. அதற்குமேல் ஆண்பிள்ளை இல்லாத வீட்டுக்கும் மீன் போகும். எங்கள் ஏரியில் மீன்பாசிக் குத்தகை எடுத்தவனுடைய ஆள் மேட்டில் நின்று ஒவ்வொரு கூடையாக எண்ணுவதையே பார்த்து வளர்ந்த எனக்கு, எண்ணுகிறவன் ஒருவனும் இல்லாமல் சண்டையின்றி நடந்த அந்தப் பிரிவினை பெரிய ஆச்சரியம். மீதமான மீனைப் பெண்கள் வகிர்ந்து, கடல்நீரில் வேகவைத்து, புகையிட்டு, வெயிலில் உலர்த்தி மாசியாக்குவார்கள். 1969-ல் அங்கே டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலை வந்தது. யந்திரத் தோணிகளும் பெருகின. தூரம் போய்வரும் சக்தி அதிகமாயிற்று, ரொக்கம் கைக்கு வந்தது, நன்மையே. ஆயினும் மூங்கிற் கழி மாறவில்லை, குஞ்சுமீனும் மாறவில்லை. கடலை வழித்தெடுக்கும் பெருவலையை அந்த ஊரார் ஏற்காதிருந்தது அவர்களுடைய விவேகம் என்றே நான் மதிக்கிறேன்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்தில் கிணறு வெட்டினால் பாறையைப் பிளந்து ஆழத்தில் இறங்கினாலும் நீர் நிச்சயமில்லை. மினிக்காயில் ஐந்தாறு அடி தோண்டினால் நல்ல நீர்; ஆனால் அது உப்பு நீரின்மேல் மிதக்கும் மழைநீர்ப் படலமே. மெதுவாக மொண்டால் காலமெல்லாம் கொடுக்கும். வேகமாக உறிஞ்சினால் அடியிலிருந்து உப்பு மேலேறிவிடும். கொட்டாங்கச்சியைக் கழியில் கட்டி மொண்டுகொண்டிருந்தவரை கிணறுகள் கெடவில்லை. 1962-ல் தீவுக்கு மின்சாரம் வந்து, பிறகு வீடுதோறும் பம்பு ஏறியதும், கோடையில் பல கிணறுகள் கரிக்கத் தொடங்கின. நான் ஓய்வு பெற்று ஊர் திரும்பிப் பல ஆண்டுகள் கழித்து, 2011-ல், பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தார் ஆழ்கடலின் குளிர்நீரைக் கொண்டு கடல்நீரைக் காய்ச்சி வடிக்கும் நிலையம் ஒன்றை மினிக்காயில் அமைத்தார்கள் என்று படித்தேன். நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு உண்டான சந்தோஷம் இவ்வளவென்று சொல்லமுடியாது.

தீவின் ஒழுங்குக்குக் கடுமையான பக்கமும் உண்டு என்பதை மறைப்பது நியாயமாகாது. தெற்கே விரிங்கிலி என்ற குட்டித் தீவு இருக்கிறது. பழங்காலத்தில் தொற்றுநோய் கண்டவர்களை அங்கே கொண்டுபோய் விட்டுவிடுவார்களாம். தொழுநோயாளிகளையும் ஊருக்கு வெளியே ஒதுக்குப்புறமாக வைத்திருந்தார்கள். மருந்தில்லாத காலத்தில் சிறு ஜனத்தொகை தன்னைக் காத்துக்கொள்ளக் கண்ட உபாயம் அது. ஒதுக்கப்பட்டவர்களுடைய துயரத்தை அது எவ்விதத்திலும் குறைக்கவில்லை. யானைக்கால் நோய்க்கும் அந்தத் தீவு பெயர்போனது. மருத்துவரும் மருந்தும் நிலையாக வந்து சேர்ந்ததே ஆட்சி மாறியதால் தீவுக்குக் கிடைத்த முதற் பெரிய நன்மை.

மற்ற மாறுதல்களை வேகமாகச் சொல்லிவிடலாம். தீவுகளின் தலைமையகம் கோழிக்கோட்டிலிருந்து 1964-ல் கவரத்திக்கு மாறியது. வெளியார் அனுமதிச் சீட்டின்றி வரவோ தங்கவோ கூடாதென்று 1967-ல் விதி ஏற்பட்டது; எங்களைப் போன்ற உத்தியோகஸ்தருக்குச் சிரமமானாலும் அது நல்ல விதி; அது இல்லாவிட்டால் நிலமும் தென்னையும் எப்போதோ கைமாறியிருக்கும். 1973-ல் இலட்சத்தீவு என்று பெயர் நிலைத்தது. 1988-ல் அகத்தியில் விமானம் இறங்கியது. தொலைக்காட்சி வந்தபின் இரவில் கிராமத்துப் பொதுவீட்டில் கூடும் ஆண்களின் கூட்டம் மெலிந்தது.

என் கடைசித் தவணையில், 1998-ஆம் வருஷத்துக் கோடையில், உள்கடல் நீர் வழக்கத்துக்கு மாறாகச் சூடேறியது. மாடத்திலிருந்து பார்த்தால் பவளப் படுகையின் பழுப்பும் ஊதாவும் சில வாரங்களில் வெளுத்து, சுண்ணாம்பு அடித்த சுவர் போலாயின. இந்துமகா சமுத்திரம் முழுவதிலும் அவ்வாண்டு பவளம் வெளுத்தது என்று பிறகு அறிஞர்கள் எழுதினார்கள். குஞ்சுமீன் அந்தப் பவளத்தை நம்பியிருப்பது. குஞ்சுமீனை நம்பியிருப்பது சூரைத் தொழில். "இந்த வருஷம் குஞ்சு கிடைக்கவில்லை" என்று தண்டல் ஒருவர் சொன்னதை நான் வானிலைப் பதிவேட்டின் குறிப்புப் பத்தியில் எழுதிவைத்தேன். அப்படி எழுதவேண்டும் என்று விதியில்லை.

எங்கள் தொழிலும் அந்தச் சமயத்தில் முடிவை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. ஆளில்லாத் திட்டுகளில் சூரிய ஒளியால் எரியும் விளக்குகள் தாமாகவே ஏற்றி அணைத்துக்கொண்டன. கப்பலோட்டிகள் செயற்கைக்கோளைக் கொண்டு தம் இடத்தை அறிந்தார்கள். எடைக்கல் சுற்றுவதற்கும் மேண்டில் மாற்றுவதற்கும் ஆள் வேண்டியதில்லை. முறைக்காவலர் எண்ணிக்கை குறைந்தது. இரவெல்லாம் கண்விழித்த எவனும் அந்தச் சிரமம் நீங்கியதற்காக வருந்தமாட்டான்; நானும் வருந்தவில்லை. நான் இலாகாவை வேண்டுவது ஒன்றே. ஒவ்வொரு நிலையத்திலும் பல பத்தாண்டுகளாக எழுதப்பட்ட பதிவேடுகள் உள்ளன: காற்று எத்திசை, கடல் எப்படி, எந்தக் கப்பல் எந்நாளில் வந்தது, எந்த மழைக்காலத்தில் எத்தனை வாரம் அரிசி வரவில்லை, எந்தக் கிராமம் தோணி இழுத்தது, எந்தக் கோடையில் கிணறு கரித்தது. உப்புக் காற்றிலும் கறையானிலும் அவை அழிந்துகொண்டிருக்கின்றன. அந்தத் தீவாரின் ஜீவிதத்தை நாள்வாரியாகச் சொல்லும் சரித்திர ஏடு அவற்றைத் தவிர வேறில்லை. அவற்றைத் திரட்டி, ஒரு பிரதி கொச்சியிலும் ஒரு பிரதி மினிக்காயிலேயே அந்த ஊரார் கைக்கெட்டும் இடத்திலும் வைக்கவேண்டும்.